ஐம்பதில் வளைந்தவர்கள்

(பெருந்தொற்றுக்குப் பின் வேலையும் பெரியவர்களின் கல்வியும் குறித்து மலேசியாவின் சுங்காயில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே மழை. மழை பெய்தால் இன்றைக்கும் எனக்கு அம்மாவின் முகம்தான் முதலில் தோன்றும். நான் பிறந்து வளர்ந்தது இந்தச் சுங்காய் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். வெட்டுப்பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டு வழியே மங்குக் கோப்பைக்கு இறங்காது. மரமெல்லாம் பரவி வழிந்துபோகும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலைக்குப் பொறுப்பான தண்டல் வானத்தைப் பார்ப்பார், அம்மா தண்டலின் முகத்தைப் பார்ப்பார். தண்டல் கையை அசைத்துவிட்டால் அன்றைய சம்பளம் அவ்வளவுதான்.

அம்மா 24 வருடம் பால்மரம் வெட்டினார். 1980களின் நடுவில் தோட்டத்து நிர்வாகம் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டது. அம்மாவுக்கு அப்போது 43 வயது. ஒரு மாதச் சம்பளத்தோடு மரம் வெட்டு நின்றது. அடுத்த மாதம் உரம் போடவும், புல்லுக்கு மருந்து தெளிக்கவும், உதிரிப்பழம் பொறுக்கவும் போனார். எவ்வளவு உரம், எவ்வளவு தூரத்தில், மருந்தைக் காற்றுக்கு எந்தப் பக்கம் நின்று அடிப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் நின்றவரைப் பார்த்துக் கற்றார். அப்பா அதைவிடக் கடினமானதைக் கற்றார். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் இருக்கும் குலையின் காம்பை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். குலை தன் மேல் விழாத இடத்தில் கால் நிற்க வேண்டும். குலை பழுத்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது, தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் 46 வயதில் கற்றார்.

நான் 30 ஆண்டுகள் மின்சார வயரிங் சொல்லிக்கொடுத்தவன். என் வகுப்புக்கு வந்த பெரியவர்கள் முதல் நாளே ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா சார்?' கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கழுத்து நினைவுக்கு வரும், அண்ணாந்து அண்ணாந்து நரம்பு புடைத்த கழுத்து. இந்த நாட்டில் தோட்டத்து மக்கள் மாதிரி ஐம்பதில் வளைந்தவர்கள் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வளைந்ததை யாரும் கல்வி என்று எழுதி வைக்கவில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கோவிட் பெருந்தொற்று அந்தக் குறையை மறுபடி காட்டியது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் 3.3 விழுக்காடாக இருந்த வேலையின்மை மே மாதத்தில் 5.3 விழுக்காடாக ஏறியது. தலையை எண்ணினால் 826,100 பேர். ஈப்போ ஓட்டல்களிலும், கோலாலம்பூர் பேரங்காடிகளிலும், சிங்கப்பூர் ஆலைகளிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் பையோடு வீட்டுக்கு வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எல்லையைத் தாண்டிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவே முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதக் கடைசியில், சோறு இல்லாத வீட்டு வாசலில் வெள்ளைத்துணியைக் கட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து உதவட்டும் என்று நாடு முழுவதும் ஒரு வேண்டுகோள் பரவியது. அந்தத் துணியைக் கட்டக் கை எழாமல் பட்டினி கிடந்த வீடுகளும் எனக்குத் தெரியும். அப்படிக் கிடந்தவர்கள் எல்லாம் 20 வருடம், 25 வருடம் உழைத்தவர்கள்.

ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு திட்டங்களின் பேரில் பணம் எடுக்க விட்டார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, அப்புறம் 2022இல் 10,000 ரிங்கிட் வரை எடுக்கும் சிறப்பு அனுமதி. நாடு முழுக்கச் சேர்த்து 14,500 கோடி ரிங்கிட் வெளியே போனது. கிழவனானால் கஞ்சி குடிக்க வைத்திருந்த காசு அது. எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பால்மாவு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காசு தீர்ந்த பிறகு 60 வயதில் ஓய்வு என்பது பலருக்கு இல்லாமல் போய்விட்டது. 65, 70 வரை உழைக்க வேண்டும். அப்படியானால் 50 வயதில் ஒரு புதுத் தொழில் படிப்பது வீண் இல்லை. இன்னும் 15, 20 வருடம் அந்தத் தொழிலால்தான் சோறு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2020 ஜூன் 5ஆம் தேதி அறிவித்த பெஞ்சானா மீட்புத் திட்டத்தில் 200 கோடி ரிங்கிட்டை மறுபயிற்சிக்கும் திறன் மேம்பாட்டுக்கும் ஒதுக்கினார்கள். இளைஞர்களும் வேலை இழந்தவர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெற வேண்டும் என்பது கணக்கு. நல்ல எண்ணம்தான். அந்தப் பயிற்சியால் வாழ்க்கை திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் கதையைக் கேளுங்கள். ஓட்டல் சலவைப் பிரிவில் 11 வருடம் வேலை. நூற்றுக்கணக்கான படுக்கை விரிப்பு ஒரு நாளைக்கு. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்தக் கறைக்கு எந்த மருந்து, எந்த இயந்திரம் சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். வேலை போனது. யாரோ வந்து ஐந்து நாள் கேக் செய்யும் பயிற்சிக்குப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். பயிற்சி இணையத்தில். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தபடி கற்கும் பள்ளி வகுப்பு. தாய் எதை விட்டுக்கொடுப்பாள்? பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பாதி வகுப்பை விட்டுவிட்டது. கடைசியில் சான்றிதழ் மட்டும் வந்தது, பிளாஸ்டிக் உறையில், வண்ணப் படத்தோடு. வீட்டில் அடுப்பு இருந்தது, ஓவன் இல்லை. சுங்காயில் ஒரே வாரத்தில் இருபது பேர் கேக் விற்றால் வாங்குவது யார்?

அந்தப் பயிற்சியை நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். 'தங்கச்சி, இதுவரைக்கும் நீ என்ன வேலை செஞ்சே?' கேட்டிருந்தால், பதினொரு வருடச் சலவைத் தொழிலாளியை ஆஸ்பத்திரிச் சலவைக்கோ, ஓட்டல் அறைப் பராமரிப்புக்கோ, அந்த இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கோ ஒரு படி ஏற்றிவிடலாம் என்று தெரிந்திருக்கும். கேட்காததால் 11 வருடத்தையும் அழித்துவிட்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

நான் ஒன்றையே சொல்லிச் சொல்லிக் கிழவனாகிவிட்டேன். வேலை போன மனிதன் வெறும் பலகை இல்லை. அவனுக்குத் தெரிந்ததிலிருந்துதான் புதியதற்குப் பாலம் போட முடியும். பெரியவர்கள் கல்வியில் வேறு எந்த நுட்பத்தை விட்டாலும் இதை விடக் கூடாது.

பால்மரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிப்பு இல்லாதவர் வேலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1877இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்; அவற்றில் ஒன்று என்று சொல்லி இன்றும் அங்கே ஒரு முதிய மரத்தைக் காட்டுகிறார்கள். மரத்தைக் கொல்லாமல் தினம் தினம் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடிக்க, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி போன்ற விஞ்ஞானி வருடக்கணக்கில் சோதனை செய்ய வேண்டியிருந்தது. அவர் கண்டுபிடித்ததைத் தினமும் 500 மரத்தில் செய்துகாட்டியவர்கள் நம் தாய்மார்கள். பாலோடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் போனால் மரம் வளரும் இளந்திசு. அதில் உளி பட்டால் மரத்துக்குக் காயம். திரும்ப வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் கெட்டது. கோடு சரிவாக இறங்க வேண்டும், சீவும் பட்டை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது எல்லாம் விடியும் முன், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி மரத்துக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அம்மாவுக்கு அழுத்தம் என்ற சொல் தெரியாது. ஆனால் எத்தனை மணிக்குள் கடைசி மரத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியும்.

நான் ஆலைகளில் பார்த்திருக்கிறேன், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கையை ஓட்டும் ஆளுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதே கை தோட்டத்தில் இருந்தபோது அதற்குப் பெயர் 'திறனற்ற தொழிலாளி'.

இப்படி ஆனது தற்செயல் இல்லை. 1918இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் மலாயாவுக்குள் வந்தபோது நெருக்கமான லயங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இறந்தார்கள். அதுவும் ஒரு பெருந்தொற்று. அது ஓய்ந்த சில வருடத்தில் ரப்பர் விலை விழுந்தது. அன்றைய நிர்வாகத்தின் மீட்புத் திட்டம் என்ன தெரியுமா? வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. விலை ஏறியதும் வேறு ஆட்களைக் கூட்டிவந்தது. 1930களின் மந்தத்திலும் அதையேதான் பெரிய அளவில் செய்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. அந்தப் பள்ளி பிள்ளைகளை ஆரம்பக் கல்வியோடு நிறுத்தி, மறுபடி தோட்டத்துக்கே அனுப்பியது. பெரியவர்களுக்குக் கல்வி என்ற பேச்சே இல்லை. தோட்டத்து இளைஞர்கள் தாங்களாகவே மண்ணெண்ணெய் விளக்கில் இரவுப் பள்ளி நடத்திக்கொண்டார்கள். தோட்டங்களைத் துண்டாக்கி விற்ற துண்டாடல் வந்தபோது, செம்பனை வந்தபோது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தபோது என்று ஒவ்வொரு முறையும் வேலையோடு லயத்து வீடும் சேர்ந்தே போனது. 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் வெளியேறி நகரத்துப் புறம்போக்குகளுக்குப் போன லட்சக்கணக்கானோருக்கு, 'உனக்கு இது தெரியுமே, இந்த வேலைக்கு இப்படிப் போ' என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை.

கோவிட் காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது, நினைவிருக்கிறதா? 2020 ஜூனில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் லட்சக்கணக்கான மலேசியர்களுக்கு வேலை இல்லை. இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டங்களில் அறுக்க ஆள் இல்லாமல் குலை அழுகியது. உள்ளூர் ஆட்களை எடுக்கிறோம் என்று தோட்டத் துறையினர் சொன்னார்கள். வந்தவர்களில் நிலைத்தவர்கள் குறைவு. கடைசியில் 2021 செப்டம்பரில் 32,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 'நம்ம பிள்ளைகளுக்கு உழைக்க உடம்பு வணங்கல' என்று பலர் பேசினார்கள். எனக்கு அது வலித்தது. 2020 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் நகரங்களில் 1,200 ரிங்கிட், நம்மைப் போன்ற மாவட்ட மன்றப் பகுதிகளில் 1,100 ஆக இருந்தது. பட்டணத்தில் பழகிய ஒரு 25 வயதுப் பையனை எந்தப் பயிற்சியும் இல்லாமல் கொண்டுபோய் அரிவாள் கம்பைக் கையில் கொடுத்தால், மூன்றாம் நாள் கழுத்து வலியோடு வீட்டுக்கு வருவான். என் அப்பாவுக்கே அந்தக் கம்பைச் சமநிலையில் பிடிக்க மாதக்கணக்கில் ஆனது. அது ஒரு தொழில் என்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பயிற்சி எப்படிக் கொடுப்பார்கள்? சம்பளத்தைத்தான் எப்படி உயர்த்துவார்கள்?

இனி காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. நம் ஊரில் பாதிப் பேருக்கு இவை தெரியாது என்பது என் அனுபவம்.

சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்தும் வேலைவாய்ப்புக் காப்புறுதி என்று ஒன்று 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. வேலை போனால் வேலை தேடும் உதவித்தொகை வரும். முதல் மாதம் கணக்கிட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. இது மட்டுமில்லை. அதே திட்டத்தில் பயிற்சிக் கட்டணமும், பயிற்சிக்குப் போகும் நாட்களுக்குப் படியும் உண்டு. ஆனால் வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கிடைக்காது. அதனால் 'இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ' என்று யாராவது நீட்டினால், அது ராஜினாமாக் கடிதமா என்று படித்துப் பாருங்கள். படிக்க வராவிட்டால் வீட்டுக்கு எடுத்துவந்து பிள்ளையிடம் காட்டுங்கள். குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்குப் போகிறவர்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போடுகிறவர்கள், தாமான் குடியிருப்பில் துணி தைக்கிறவர்கள் இந்த வலைக்குள் வரவே இல்லை. பெருந்தொற்றில் அதிகம் அடிபட்டவர்களும் அவர்களே. முதலாளி இருப்பவர்கள் நாளைக்கே கேளுங்கள், என் பெயரில் சொக்சோ கட்டுகிறீர்களா என்று.

அதேபோல, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் அதற்குள் வந்துவிட்டது. உங்களுக்குப் பயிற்சி கொடுக்க என்று கட்டிய பணம். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் முதலாளி. உங்களால் நேராக எடுக்க முடியாது. சிங்கப்பூரில் 2016இலிருந்து 25 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனின் பெயரிலும் 500 வெள்ளியைப் பயிற்சிக்கென்று போட்டுவைத்தார்கள். அந்தக் காசு ஆளோடு போகும், முதலாளி மாறினாலும் மாறாது. இப்படி ஒன்று இங்கேயும் வர வேண்டும் என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் முக்கியம். எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை உங்களுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து படித்தால்தான் அது கிடைக்கும் என்று நினைக்கிறோம். இல்லை. இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று, எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி. ஜெர்மனியின் முறையைப் பார்த்து 2005இல் இங்கே கொண்டுவந்தது. பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும், மீதி கழகத்தில். மற்றொன்று பி.பி.டி., முன்பே பெற்ற திறனுக்கான அங்கீகாரம். இதில் வகுப்பே கிடையாது. உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த தொழிலுக்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். தேறினால் அதே சான்றிதழ்.

ஒரு தாளுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் இருந்தே சொல்கிறேன். வீட்டு வயரிங் வேலையைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். 20 வருடமாகக் கம்பி இழுக்கிறார். எந்தத் தாமானில் எந்தச் சுவருக்குள் எந்தக் கம்பி போகிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு நாள் கூலி. வேலை முடிந்ததும் வேறொருவர் வந்து பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டு போவார். 2020இல் வேலை குறைந்ததும் முதலில் நின்றது நாள் கூலிதான், கையெழுத்து நிற்கவில்லை.

அந்த அண்ணன் படித்தது மூன்றாம் படிவம் வரை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து, மலாய் புரியாமல் தலை குனிந்தே இருந்தவர். அன்றைக்கு யாரோ 'மக்கு' என்று சொன்னது இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. விண்ணப்பப் பாரத்தை நீட்டினால் கை நடுங்கும். 240 வோல்ட்டைத் தொட நடுங்காத கை! நான் அவரோடு ஆறு வாரம் உட்கார்ந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். பிறகு நான் எழுதியதை அவரையே வாசிக்கவைத்தேன். 'இது நான் செஞ்ச வேலையா சார்? எழுதிப் பார்த்தா பெருசா இருக்கே' என்றார். முதலில் எஸ்.கே.எம். வாங்கினார். இப்போது வயர்மேன் தேர்வுக்குப் படிக்கிறார், இரவில், மகளின் மேசையில்.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாடத்தைவிட நேரமும் இடமும் மொழியும் முக்கியம். பகல் வகுப்பு வைத்தால் ஒரு நாள் கூலி போகும். ஈப்போவில் வைத்தால் பஸ் காசும் போகும். 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் ஈப்போவில்தான் இருக்கிறது, தொழிற்பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது, தெற்கே தஞ்சோங் மாலிமில் கார் ஆலை இருக்கிறது. நாம் நடுவில் இருக்கிறோம். அந்தக் கழகங்களின் ஆசிரியர்கள் வாரம் இரண்டு இரவு நம் மண்டபங்களுக்கு வந்தால் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதே மண்டபத்தில் ஒரு பாய் விரித்தால், வராத தாய்மார்கள் வருவார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன்: பாய் விரித்த வாரத்திலிருந்து வகுப்பில் பெண்கள் ஆண்களைவிட அதிகம்.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். நம்மில் சிலரின் தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமை அது. எழுத்தறிவு வகுப்போடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். ஏன் சைக்கிள்? தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, பஸ்ஸுக்குக் காத்திராமல் வகுப்புக்கு வர. கல்லுடைக்கும் கூலிப் பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்ற கையோடு குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கல்லை உடைக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தது கணக்கும் ஒப்பந்தமும் மட்டும்தான். அந்த இடைவெளியை மட்டும் நிரப்பினார்கள். எனக்குத் தெரிந்து பெரியவர்கள் கல்விக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் இல்லை.

நம் ஊரிலும் அப்படிப்பட்ட இடைவெளிகள் இருக்கின்றன. 2030 வாக்கில் இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காடாக இருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களைத் தூக்கி உட்காரவைக்க, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க, மருந்து நேரம் தவறாமல் கொடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். நோயில் கிடந்த மாமியாரைப் பத்து வருடம் பார்த்துக்கொண்ட மருமகள்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா? இதற்குத் திறன் சான்றிதழ் உண்டு. நீங்கள் கற்க வேண்டியது தொற்றுத் தடுப்பும், இரத்த அழுத்தம் எழுதிவைப்பதும், சட்டமும். மற்றதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும்.

2023 கடைசியில் வேலையின்மை பழையபடி 3.3 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஆகவே மீண்டுவிட்டோம் என்கிறார்கள். ஓட்டல் வேலை போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் தம்பியும் அந்தக் கணக்கில் வேலை உள்ளவர்தான். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய எட்டு வருடச் சமையலறை அனுபவம் எங்கே போனது என்று கேட்காமல் மீட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை அழைத்தவர்களிடம் ஒரு மேசையும் ஒரு நீள நோட்டும் கேட்டிருந்தேன், வாசல் பக்கம் வைத்திருக்கிறார்கள். போகும்போது அதில் உங்கள் பெயர், என்னென்ன வேலை, எத்தனை வருடம் என்று எழுதிவிட்டுப் போங்கள். வேலைக்கு உதவாது என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள்: கோயில் திருவிழாவில் 500 பேருக்குச் சமைத்தது, லோரி ஓட்டியது, மாடு வளர்த்தது, தம்பிக்குத் தையல் இயந்திரம் பழுது பார்த்துக் கொடுத்தது. எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். பழைய சம்பளச் சீட்டு, சொக்சோ அட்டை, செய்த வேலையைக் கைப்பேசியில் பிடித்த படம் எது இருந்தாலும் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாய் விரித்திருக்கும்.

நோட்டில் முதல் வரியை நானே எழுதிவிட்டேன். அம்மாவின் பெயர். பால்மரம், 24 வருடம். செம்பனை, 12 வருடம். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.